ஆஸ்பத்திரி மென்பொருள் வேலை: முதல் மாதம் ஓபி கவுன்டரில் உட்காருங்கள்

கேள்வி: ஆறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தேன். அப்புறம் யூஎக்ஸ் டிசைன், அதாவது பயன்படுத்துவோருக்கு ஏற்றபடி மென்பொருளை வடிவமைப்பது பற்றிப் படித்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் கோவை நிறுவனம் ஒன்றில் அடுத்த மாதம் சேர்கிறேன். பாலக்காடு மாவட்ட எல்லையோர ஆஸ்பத்திரிகள்தான் என் பகுதி. பயனரை மையமாக வைத்து வடிவமைக்கும் பழக்கத்தை நிறுவனத்தில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் நேர்காணலிலேயே ஒருவர், "டாக்டர் கேட்டதைத்தானே செய்து தருகிறோம், இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்றார். வந்ததுமே நோயாளிகளுக்கான ஆப்பை மாற்றிக் காட்டச் சொல்வார்கள் போலவும் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: முதல் மாதம் யாருக்கும் பிரசன்டேஷன் போடாதீர்கள். இந்தத் துறைக்கு வந்த புதிதில் நான் அதைத்தான் செய்தேன். நாற்பது ஸ்லைடு. எல்லோரும் தலையாட்டினார்கள், எதுவும் மாறவில்லை. புரோகிராமர் ஒருவரை ஓபி கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்த பிறகுதான் மாறியது. கவுன்டரில் இருந்த பெண் ஒவ்வொரு நோயாளிக்கும் தேவையில்லாத கட்டங்களைத் தாண்ட டேப் சாவியைப் பதினொரு முறை தட்டினார். வரிசை வாசல் வரை நின்றது. புரோகிராமர் அன்று ராத்திரியே அதைச் சரிசெய்தார். அவரிடம் யாரும் எந்தக் கொள்கையும் பேசவில்லை.

நீங்கள் நர்ஸாக இருந்தது பெரிய பலம். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது வார்டு. ஓபி பதிவு, மருந்து கொடுக்கும் ஜன்னல், லேப் ரிசல்ட் வாங்கும் இடம் இவற்றில் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஆரம்பம் அங்கேதான். போனதும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் காகிதத்தைத் தேடுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டு, கீபோர்டுக்கு அடியில் மடித்து வைத்த தாள், பிபி, சுகர் அளவுகளை எழுதிவைக்கும் நீள நோட்டு. வாழ்க்கைமுறை நோய் கிளினிக்கில் நர்ஸ் காலையில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, மதியம் மூன்று மணிக்கு மேல் கணினியில் ஏற்றுவதைப் பார்ப்பீர்கள். அவரைக் குறை சொல்ல வேண்டாம். நோயாளி எதிரில் இருக்கும்போது அந்தத் திரையால் பயன் இல்லை என்று அந்த நோட்டு சொல்கிறது. அனுமதி வாங்கி அதன் நெடுவரிசைகளை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். பெயர் தெரியும்படி படம் எடுக்கவே கூடாது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, அது ஒருவருடைய உடம்பைப் பற்றிய விஷயம்.

உங்கள் பகுதியில் முதலில் கண்ணில் படப்போவது பெயர். மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் ஆட்களுக்கு இருப்பது அப்பா பெயரின் இனிஷியல். கே. முருகேசன் ஒருமுறை 'முருகேசன் கே' என்று பதிவாவார், அடுத்த முறை 'கே முருகேசன்' என்று. ரேஷன் கார்டு மலையாளத்தில், ஆதார் பொள்ளாச்சி முகவரியில் என்றால் எழுத்துக்கூட்டலும் மாறும். தேடினால் கிடைக்காது, கவுன்டர் பெண் புதிதாகப் பதிவு போட்டுவிடுவார். இப்படி ஒரே ஆளுக்கு மூன்று எண் ஆகும்போது, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒன்றில் மட்டும் இருக்கும். டாக்டர் திறப்பது இன்னொன்றை. "டாக்டர் கேட்டதைத்தானே செய்கிறோம்" என்றவருக்கு இதைக் காட்டுங்கள். பெயர்க் கட்டத்தை எந்த டாக்டரும் கேட்டு வாங்கவில்லை, ஆனால் அதனால் வரும் ஆபத்து அவருடைய நோயாளிக்குத்தான்.

அடுத்தது ஓடிபி. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்கத் தொடங்கியதிலிருந்து ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண் எடுக்கச் சொல்கிறார்கள். ஆதார் வழியாக எடுத்தால், பெரும்பாலும் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி போகும். வேலந்தாவளத்துப் பாட்டியின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் எண். பாட்டி கவுன்டரில் நின்று போன் போடுவார், மகன் எடுக்கமாட்டான், மிஷின் சத்தத்தில் கேட்காது. பின்னால் நிற்பவர் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாட்டி" என்பார். ஆபா இல்லாமலே சீட்டு போட ஒரு வழி திரையில் பளிச்சென்று இருக்கிறதா, மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'தமிழ் சேர்த்துவிட்டோம்' என்பதோடு நிறுவனத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டும் படித்த பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அவர்களுடைய பாட்டிக்கோ இரண்டு எழுத்தும் தெரியாமல் இருக்கலாம். மொழியைக் கேட்கும்போது பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா போட்டுக் காட்டும்படி குரல் பதிவும் வையுங்கள்.

சொற்களிலும் கவனம். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். மருந்து 'கழிச்சோ' என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். எல்லையில் பிறந்த உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனைமலைப் பக்கமிருந்து பஸ் ஏறி வருபவருக்கு அப்படி இல்லை. மலையாளத் திரையை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் என்ன வருகிறது என்று வரி வரியாக நீங்களே வாசியுங்கள். மருந்துச் சீட்டில் காலை, மதியம், இரவு என்பதற்கு 1-0-1 என்று அச்சடிப்பதையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் உள்ள பூஜ்யம் எந்த வேளை என்று, சீட்டைக் கையில் வைத்திருக்கும் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, நிறுவனத்துக்குள் எப்படிப் பேசுவது? ஆளுக்கு ஆள் வேறு. டாக்டரிடம் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று சொல்லுங்கள். புரோகிராமரைக் கவுன்டருக்குக் கூட்டிப் போங்கள், மாதம் ஒருவர் போதும். நிர்வாகத்திடம் பாதுகாப்பைப் பேசுங்கள், அதற்கு வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தே போனார்கள். மென்பொருளில் பிழை இருந்தது உண்மை. அதோடு, திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் வரும், அது ஆபத்தைச் சொல்கிறது என்று இயக்குபவருக்குத் தெரிய வழியில்லை. இயந்திரம் அடிக்கடி இப்படி நின்றதால், ஒரு சாவியைத் தட்டித் தொடர்வது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. இதைச் சொன்ன கையோடு, உங்கள் மென்பொருளில் மருந்து எழுதும்போது ஒரு நாளில் எத்தனை எச்சரிக்கைப் பெட்டி வருகிறது, எத்தனையை டாக்டர்கள் வாசிக்காமலே மூடுகிறார்கள் என்ற கணக்கை மேஜையில் வையுங்கள். மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்துவோர் பக்கமிருந்து சோதிக்க ஐஇசி 62366 என்ற தரநிலையே இருக்கிறது. பயனரை மையமாக வைத்து வடிவமைக்கும் பொதுவான வழிமுறைக்கு ஐஎஸ்ஓ 9241-210 தரநிலை போதும்.

சோதனை என்றால் பெரிய செலவு என்று பயப்படுவார்கள். ஒரே மாதிரியான ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்பது மென்பொருள் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் பரப்பிய கணக்கு. 'ஒரே மாதிரியான' என்பதை மறக்கக்கூடாது. நர்ஸ் ஐந்து, பார்மசிஸ்ட் ஐந்து, நோயாளி ஐந்து என்று தனித்தனியாக வேண்டும். எண் கேட்டால், பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க 1986ல் ஜான் புரூக் என்பவர் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோல் இருக்கிறது, சுருக்கமாக எஸ்யூஎஸ். நூற்றுக்கு 68 அதில் சராசரி. அது சதவீதம் அல்ல என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆப்பை மாற்றச் சொன்னால், மறுக்காமல் தள்ளிவையுங்கள். "மூன்றாவது மாதம் ஆப்பைத் தொடுகிறேன், அதற்கு முன் பெயர்க் கட்டத்தைச் சரிசெய்து காட்டுகிறேன்" என்று மேலாளரிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை ஓபி நெரிசலில் முப்பது பேரின் பதிவுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தை மாற்றிய பின் அதே நாள், அதே நேரத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும் காட்டும் கூட்டத்துக்குக் கவுன்டர் பெண்ணையும் அழைத்துப் போங்கள். அவர் ஷிப்டை யார் பார்த்துக்கொள்வது என்று அவருடைய சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்று அவரால் வர முடியாது.