இரண்டு வருடம் நின்ற கார் கிளம்பாது

உங்கள் கதையில் பெருந்தொற்று ஓய்ந்து இரண்டு வருடம் கழித்து 16 வயது அக்காவும் 9 வயது தம்பியும் கேட்பாரற்று நின்ற காரில் தப்பிக்கும் அத்தியாயத்தை, படித்துப் பார்த்தவர்கள் நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் சொல்வது சரி. பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பிக்கும்; எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்து இன்னும் சீக்கிரம் கெடும். அதற்கு முன்பே பேட்டரி இறங்கியிருக்கும். சைக்கிள் கொடுங்கள், அதுவும் ஒன்றே ஒன்று. யார் மிதிப்பது என்ற சண்டையிலேயே உறவு தெரிந்துவிடும்.

தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் அக்கா மாத்திரை தேடி ஓட வேண்டாம். காட்சியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு (2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்) ஆறவைக்கிறாள். ஒரு லிட்டருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. அதனால் கரண்டியின் மேல்மட்டத்தைக் கத்தி முதுகால் அவள் வழிப்பதைக் கிட்டத்தில் காட்டுங்கள். முதல் மடக்கிலேயே தம்பி வாந்தியெடுக்கலாம். 10 நிமிடம் பொறுத்து மறுபடி கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும், விடியும்வரை. அவன் வாயை இறுக்கிக்கொள்வதும், அவள் அதட்டுவதும், அது அப்படியே அம்மாவின் குரலாக இருப்பதை அவளே கவனிப்பதும்... உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் கண்டெடுக்கும் ப்ளீச் பாட்டிலையும் திருத்துங்கள். இரண்டு வருடத்தில் அதன் வீரியம் வெகுவாகக் குறைந்திருக்கும்.