கம்பெனி திறப்பது சுலபம், பில் பணம் வருமா?

கேள்வி: கோவையில் சிறிய அளவில் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கிறோம். கென்யாவில் கம்பெனி தொடங்கும்படி ஒரு கன்சல்டன்ட் நெருக்குகிறார். 'தொழில் செய்ய உகந்த நாடுகளில் 56-வது இடம், கடன் பெறுவதில் உலகிலேயே 4-வது இடம், ஸ்டார்ட்அப் சூழல் வலுவான நாடு' என்று ஓர் அறிக்கை காட்டுகிறார். நம்பி இறங்கலாமா? ஒரு நாட்டின் தொழில்முனைவுச் சூழலை நாங்களாகவே எடை போட வழி உண்டா?

பதில்: அவர் காட்டும் இடங்கள் உண்மையானவைதான், ஆனால் பழையவை. உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ் 2020' அறிக்கையில் இருப்பவை. அதிலுள்ள தகவல்கள் 2019 மே மாதத்தோடு நின்றுவிட்டன. சீனா, சவூதி அரேபியா உள்ளிட்ட சில நாடுகளின் புள்ளிவிவரங்களில் குளறுபடி நடந்தது வெளியானதும், 2021 செப்டம்பரில் அந்த அறிக்கையையே உலக வங்கி நிறுத்திவிட்டது. நிறுத்திய பிறகும் கன்சல்டன்ட்களின் ஸ்லைடுகளில் அது உயிரோடு உலவுகிறது. தேதி கேளுங்கள், மழுப்புவார்கள்.

அந்த 4-வது இடத்தின் கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு பாதி பதில் வந்துவிடும். கென்யா 2016 செப்டம்பரில் வங்கி வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைத்தது. மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதப் புள்ளிதான் வாங்கலாம். சிறு வியாபாரிக்கு நல்லது செய்வதாகச் சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். அந்த வட்டிக்குச் சிறு வியாபாரியின் ரிஸ்க் கட்டுப்படியாகாது என்று வங்கிகள் அவரை ஒதுக்கிவிட்டு அரசுப் பத்திரங்களை வாங்கிக் குவித்தன. 2019 நவம்பரில்தான் வரம்பு நீங்கியது. அதாவது, சிறு கடன் வறண்டு கிடந்த அதே காலத்தில்தான் 'கடன் பெறுவதில் 4-வது இடம்'. எப்படி? அடமானச் சட்டம் எப்படி இருக்கிறது, கடன் தகவல் நிறுவனம் இருக்கிறதா என்பதைத்தான் அந்தப் பட்டியல் பார்த்தது. யாருக்காவது கடன் கிடைத்ததா என்று பார்க்கவே இல்லை.

ஆகவே பட்டியலை விட்டுவிட்டுப் பணத்தின் போக்கைப் பாருங்கள். முதல் வேலை, கென்ய மத்திய வங்கியின் இணையதளத்தில் 91 நாள் கருவூலப் பத்திரத்தின் வட்டியையும், வங்கிகளின் சராசரிக் கடன் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2024 நடுவில் அந்தப் பத்திரமே சுமார் 16 சதவீதம் தந்தது. உட்கார்ந்த இடத்தில் அரசிடம் 16 சதவீதம் வாங்கும் வங்கி, நகுருவில் பம்ப் விற்கும் டீலருக்கு ஏன் கடன் தரப்போகிறது? டீலருக்கு வங்கி தராவிட்டால் அவருடைய வங்கி நீங்கள்தான். 90 நாள், 120 நாள் கடன் கேட்பார். அந்த இரண்டு வட்டிகளுக்கும் இடையிலான இடைவெளி குறுகியிருந்தால் உங்கள் நடைமுறை மூலதனத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்.

எம்-பெசாவைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். 2007-ல் வந்த அந்த மொபைல் பணம் நிஜமாகவே பெரிய சாதனை. ஆனால் பணம் வேகமாக நகர்வது வேறு, நகர்த்தப் பணம் இருப்பது வேறு.

அடுத்தது, நடுத்தர அளவுத் தொழில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கென்யப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் பொருளாதார ஆய்வில், புதிதாக உருவான வேலைகளில் பத்தில் எட்டு, ஒன்பது 'ஜுவா காலி' எனப்படும் முறைசாராத் துறையில் இருக்கும். எல்லோரும் சொந்தத் தொழில் செய்வதைப் பார்த்து 'தொழில்முனைவு பொங்குகிறது' என்பார்கள். வேலை கிடைக்காதவர் தள்ளுவண்டி போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். 5 பேர் வேலை செய்த பட்டறை 50 பேருக்கு வளர்ந்த உதாரணங்கள் எத்தனை என்று கேளுங்கள். உங்கள் தொழிலுக்கு இது நேரடியான கேள்வி. கோவையில் காஸ்டிங், லேத், வைண்டிங், ரப்பர் பாகம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கும். நைரோபியில் காமுகுஞ்சியின் தகரப் பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறையில்லை. ஆனால் ஒரே அளவில் ஆயிரம் இம்பெல்லர் வார்த்துத் தர, ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய யார் இருக்கிறார்கள் என்று நேரில் பார்க்காமல் தயாரிப்பு பற்றிப் பேசாதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் 'ஃபேக்டரி' இறக்குமதி செய்து பூட்டும் ஷெட்டாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, அரசு தான் வாங்கிய பொருளுக்குப் பணம் தருகிறதா? இங்கேதான் ஏஜென்ட்களின் வலை விரிகிறது. 'கவுன்ட்டி அரசின் குடிநீர்த் திட்டத்தில் 500 பம்ப் ஆர்டர், அதிகாரிக்குக் கொஞ்சம் முன்பணம்' என்று வருவார்கள். கென்யாவில் மத்திய அரசும், மாவட்டம் போன்ற 47 கவுன்ட்டிகளின் அரசுகளும் சப்ளையர்களுக்குத் தராமல் வைத்திருக்கும் நிலுவை பல்லாயிரம் கோடி ஷில்லிங். அதைச் சரிபார்க்கவே 2023-ல் தனிக் குழு போட்டார்கள். பொருளை வாங்கிக்கொண்டு, பில்லைச் சரிபார்க்கக் குழு, குழு அறிக்கையைப் பார்க்க இன்னொரு அலுவலகம் என்று இழுக்கும் அரசிடம் சிறு நிறுவனம் மாட்டினால், மாலைக் கடனும் காலை வட்டியுமாகத்தான் பிழைக்க வேண்டும். நம் ஊரில் அரசு பில்லுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டெண்டரை நம்பித் திட்டம் போடவே போடாதீர்கள்.

ஏஜென்ட் பேச்சு என்றால் இன்னும் நான்கு உண்டு. 'உள்ளூர் பங்குதாரருக்கு 51 சதவீதம் கொடுத்தே ஆகவேண்டும்' என்பது உங்கள் தொழிலுக்குப் பொய். முழுப் பங்கும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். கம்பெனிப் பதிவை இ-சிட்டிசன் தளத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் ஷில்லிங்கில் முடிக்கலாம், அதற்கு லட்சங்களில் கேட்பார்கள். பதிவு செய்தால் விசா தானாக வரும் என்பார்கள், வராது. முதலீட்டாளருக்கான 'ஜி' வகுப்பு பெர்மிட்டுக்கு 1,00,000 டாலர் மூலதனத்துக்கு ஆவணம் காட்ட வேண்டும். நிலம் 'உங்கள் பேருக்கே சொந்தமாக' வாங்கித் தருகிறேன் என்பவரை அங்கேயே நிறுத்துங்கள். 2010 அரசியல் சட்டப்படி வெளிநாட்டவர் அதிகபட்சம் 99 ஆண்டு குத்தகைக்குத்தான் நிலம் வைத்திருக்க முடியும். கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும் அதே விதிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசர முடிவு வேண்டாம். 'அங்கே கம்பெனிகள் மூடுகின்றன' என்பதை வைத்தே சூழல் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. 2023-ல் சரக்குப் போக்குவரத்து ஸ்டார்ட்அப்பான சென்டி மூடியது. 2024 மே மாதம் ஆன்லைன் விற்பனை நிறுவனமான கோப்பியா திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. இரண்டும் பெரிய முதலீடு வாங்கியவை. மூடினார்களா என்பதோடு நிற்காமல், எப்படி மூடினார்கள் என்று பாருங்கள். 2015-ன் திவால் சட்டப்படி நிர்வாகி வந்து, கணக்கு வைத்து, கடன்காரருக்குக் கொஞ்சமாவது பங்கு கிடைத்தால் அது ஆரோக்கியம். இரவோடு இரவாக ஷட்டர் இறங்கி, செக்குகள் பவுன்ஸ் ஆனால்தான் நோய். வெளிநாட்டு முதலீடு வறண்டதால் மூடியதா, வாங்க ஆளில்லாமல் மூடியதா என்றும் பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் அதே சந்தை உங்களுக்கு இன்னும் திறந்திருக்கலாம். யாருமே மூடாத ஊரில்தான் சந்தேகம் வர வேண்டும். அங்கே மூடவே முடியாத கம்பெனிகள் வரிக் கணக்கில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும்.

கடன் வசூலுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 10 லட்சம் ஷில்லிங் வரையிலான வழக்குகளுக்கு 2021 முதல் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றம் இயங்குகிறது. 60 நாளில் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை நிறைவேற்றிப் பணம் பெறுவது வேறு கதை. எனவே ஒரு டீலரின் பாக்கி அந்த வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கம்பெனி திறக்காமல் முதலில் விற்றுப் பாருங்கள். இரண்டு, மூன்று டீலர்களின் பெயரை எடுத்துக்கொண்டு, ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் கிளைக்குப் போய் கடன் காப்பீட்டு வரம்பு கேளுங்கள். எவ்வளவு தருகிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்பது உங்கள் கன்சல்டன்டின் நாற்பது பக்கத்தைவிட உருப்படியான மதிப்பீடு. பிறகு நகுரு, எல்டோரெட், மச்சாக்கோஸ் ஊர்களில் பத்துக் கடைகளில் ஒரே நான்கு கேள்வியைக் கேளுங்கள். எத்தனை நாள் கடன், யார் பாக்கி, கடைசியாக வங்கிக் கடன் எப்போது கிடைத்தது, கவுன்ட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க எத்தனை நடை. ஏஜென்டை உடன் அழைத்துச் செல்லாதீர்கள்.

அதன்பிறகும் முதலீடு செய்வதென்றால், 2022-ன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி உங்கள் வங்கியில் எஃப்.சி. படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் அடையாள எண் வந்தபிறகே பணம் அனுப்ப வேண்டும். கிளையில் அந்தப் படிவத்தைத் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை, பொறுமையாகச் செய்யுங்கள். 'ஏற்றுமதி பில்லில் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்' என்று கன்சல்டன்ட் சொன்னால் அவருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.