பெரிய மரக்கிண்ணம் கடைய எந்த லேத்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக 12 அங்குல லேத் ஒன்றில் சிறு கிண்ணங்கள் கடைந்து வருகிறேன். இப்போது 18 அங்குலம் வரை விட்டமுள்ள பச்சை மரத்துண்டுகள் கிடைப்பதால் பெரிய லேத் வாங்க எண்ணுகிறேன். ஒன்றின் ஸ்விங் 24 அங்குலம், மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 150 கிலோ. மற்றொன்றின் ஸ்விங் 20 அங்குலம், மோட்டார் இரண்டு குதிரைத்திறன், எடை 300 கிலோ. விலை ஏறத்தாழ ஒன்றே. ஸ்விங் அதிகமுள்ளதை வாங்குவதுதானே சரி?

பதில்: இல்லை, 20 அங்குல லேத்தையே வாங்குங்கள். ஸ்விங் என்பது மரத்துண்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மையத்திலிருந்து, இயந்திரத்தின் நீண்ட அடிப்பாகமான பெட்டின் மேற்பரப்பு வரை உள்ள தூரத்தின் இரு மடங்கு. எவ்வளவு பெரிய துண்டு பெட்டில் இடிக்காமல் சுழலும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தத் துண்டை அதிராமல் தாங்கிச் சுழற்றவும், உளி கடிக்கும்போது நின்றுவிடாமல் ஓடவும் அந்த இயந்திரத்தால் முடியுமா என்பதைப் பற்றி அந்த எண்ணில் ஒரு செய்தியும் இல்லை. பெரிய கிண்ணம் கடைபவருக்கு அந்த இரண்டும்தான் முதன்மையானவை.

எடையிலிருந்து தொடங்குகிறேன். 50 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. கனமும் உள்ள பச்சை மர வட்டத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 29 லிட்டர்; நீர் நிறைந்த மரமாக இருந்தால் எடையும் 25 முதல் 30 கிலோ வரை வரும். இத்தகைய துண்டு ஒருபோதும் சமநிலையில் இருப்பதில்லை. வைரம் ஒரு பக்கமும் வெளிறிய மரம் மறுபக்கமுமாக இருக்கும், பட்டை ஒரு பக்கம் தடித்திருக்கும். மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி வெறும் 200 கிராம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 300 சுற்றில் அது ஸ்பிண்டிலை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைகளிலும் இழுக்கும். வேகத்தை 600 ஆக்கினால் அந்த இழுப்பு 8 கிலோ ஆகாது, 16 கிலோ ஆகும். ஏனெனில் இவ்விசை வேகத்தின் இருபடியில் வளர்கிறது. இந்த உலுக்கலை விழுங்க வேண்டியது இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடல்தான். எடை குறைந்த லேத்தின் கால்களுக்கு இடையே பலகை அமைத்து மணல் மூட்டைகளை அடுக்குவது பழைய வழக்கம், அதனால் பயனும் உண்டு. ஆனால் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கும் பெட்டுமே மெலிந்திருந்தால் கீழே எவ்வளவு மணல் வைத்தாலும் மேலே அதிர்வு நிற்காது. நான் முதலில் வாங்கிய பெரிய லேத் அப்படிப்பட்டதுதான். ஒரு துண்டை உருட்டி முடிப்பதற்குள் இயந்திரம் தரையில் ஒரு சாண் நகர்ந்துவிடும். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட கெட்ட உளிப்பழக்கங்களை விடுவதற்கு அதைவிட நீண்ட காலம் ஆயிற்று.

அடுத்தது குறைந்த வேகத்தில் கிடைக்கும் திருகுவிசை. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 18 அங்குலத் துண்டுக்கு அது 330 முதல் 500 சுற்று. அதுவும் துண்டு உருண்டையாகிச் சமநிலைக்கு வந்த பிறகுதான். முதல் வெட்டை அதில் பாதி வேகத்திலோ இன்னும் மெதுவாகவோ தொடங்க வேண்டும். ஆகவே 'அதிகபட்சம் 3200 சுற்று' என்ற எண் உங்களுக்குத் தேவையற்றது. குறைந்தபட்சம் எத்தனை என்று கேளுங்கள். 100 சுற்றுக்குக் கீழே இறங்காத இயந்திரம் பெரிய கிண்ணத்திற்கு ஏற்றதன்று.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்றைய லேத்துகளில் வேகத்தை ஒரு குமிழைத் திருகி மாற்றுகிறோம், உள்ளே வி.எஃப்.டி. என்னும் கருவி மும்முனை மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறைக்கிறது. அவ்வாறு குறைக்கும்போது மோட்டாரின் திருகுவிசை பெரும்பாலும் அப்படியே இருந்தாலும், வேகம் குறைவதால் திறன் அதே விகிதத்தில் குறைகிறது. இரண்டு குதிரைத்திறன் மோட்டாரைக் கால்பங்கு வேகத்தில் ஓட்டினால் கையில் கிடைப்பது அரைக் குதிரைத்திறன்தான். 9 அங்குல ஆரத்தில் உளி அழுத்தும்போது அது போதாமல் பெல்ட் வழுக்கும் அல்லது மோட்டார் நின்றுவிடும். இதற்குத் தீர்வு பெல்ட் புல்லிகள். பெல்ட்டை மெதுவான புல்லிக்கு மாற்றினால் மோட்டார் தன் இயல்பான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஸ்பிண்டில் மட்டும் மெதுவாகவும் வலுவாகவும் சுழலும். எனவே குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எத்தனை புல்லி நிலைகள் உள்ளன, மிக மெதுவான நிலையில் உச்ச வேகம் என்ன என்றும் கேளுங்கள். அது 800 முதல் 1000 சுற்றுக்குள் இருந்தால் கிண்ண வேலைக்கு நன்று.

ஹெட்ஸ்டாக் பெட்டின் மீது நகரக்கூடியதாக இருந்தால் நல்லது. துண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு ஹெட்ஸ்டாக்கைப் பெட்டின் வலது கோடிக்கு இழுத்துக்கொண்டால், கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையும்போது பெட்டின் மேல் முதுகை வளைக்க வேண்டியதில்லை; உளியின் பிடி தடையின்றி உங்கள் இடுப்பருகே வரும். ஹெட்ஸ்டாக் திரும்பக்கூடிய அமைப்பும் உண்டு. அதுவும் இதே வசதியைத் தருகிறது என்றாலும், ஒவ்வொரு முறையும் டெயில்ஸ்டாக்குடன் நேர்கோட்டில் அமர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டியிருப்பதால் நான் நகரும் அமைப்பையே விரும்புகிறேன்.

ஸ்பிண்டில் மரை எம்33 x 3.5 (33 மி.மீ. விட்டம், மரைகளுக்கு இடையே 3.5 மி.மீ.) அல்லது ஒன்றேகால் அங்குல விட்டத்தில் அங்குலத்திற்கு 8 மரை என்ற இரண்டில் ஒன்றாக இருந்தால், துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கும் துண்டைத் திருகாணியால் பொருத்தும் தட்டான ஃபேஸ்பிளேட்டும் எளிதில் கிடைக்கும். ஸ்பிண்டிலின் உயரம் உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய பட்டறை ஒன்றில், வார்ப்பு அச்சுகள் செய்யப் பயன்பட்ட மரம் கடையும் கனமான லேத் விற்பனைக்கு வந்துள்ளது. உடல் முழுவதும் வார்ப்பிரும்பு. இதில் கிண்ணம் கடைய முடியுமா?

பதில்: முடியும், பல சமயங்களில் புதியதைவிடச் சிறப்பாகவே முடியும். பார்த்து வாங்க வேண்டியவை மட்டும் சில உள்ளன. ஸ்பிண்டிலில் ஒரு ஃபேஸ்பிளேட்டை மாட்டி மேலும் கீழும் அசையுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மிகப் பழைய இயந்திரங்களில் உருளை பேரிங்குக்குப் பதிலாக வெள்ளை உலோகப் புஷ் இருக்கும். அதற்குத் தொடர்ந்து எண்ணெய் விட வேண்டும். தேய்ந்துவிட்டால் சரிசெய்பவரைத் தேடுவது கடினம். மரையை அளந்து பாருங்கள். இன்று புழக்கத்தில் இல்லாத மரையாக இருந்தால் ஒவ்வொரு சக்குக்கும் தனியாக அடாப்டர் கடைய வேண்டி வரும், அடாப்டரின் நீளம் துண்டை பேரிங்கிலிருந்து தள்ளி வைப்பதால் அதிர்வும் கூடும்.

இத்தகைய லேத்துகளில் குறைந்தபட்ச வேகமே 500, 600 சுற்றாக இருப்பதுண்டு. மும்முனை மோட்டாரும் வி.எஃப்.டி.யும் பொருத்தி அதைக் குறைக்கலாம். ஆனால் சாதாரண மோட்டாரை நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் அதன் தண்டிலேயே உள்ள விசிறியும் மெதுவாகச் சுழன்று மோட்டார் சூடேறும் என்பதை நினைவில் வையுங்கள். இடையிடையே கை வைத்துப் பார்த்து ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: பெரிய லேத்தில் முதன்முறையாக ஒரு துண்டை ஏற்றப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: 45 செ.மீ. துண்டு 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதனால் இயந்திரத்தை இயக்கும் முன் வேகக் குமிழ் அடிநிலையில் இருக்கிறதா, பெல்ட் எந்தப் புல்லியில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நேற்று சிறு வேலைக்காக வேகமாக வைத்ததை மறந்து இன்று பெரிய துண்டை ஏற்றுவதில்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன என்பது என் கருத்து. கனமான திருகாணிகளால் ஃபேஸ்பிளேட்டில் பொருத்துங்கள், துண்டு உருண்டையாகும் வரை டெயில்ஸ்டாக்கை விலக்காதீர்கள், கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசத்தை அணிந்து, சுழலும் விளிம்பின் நேர்ப்பாதையிலிருந்து ஒதுங்கி நின்றபடி சுவிட்சைப் போடுங்கள். வெடிப்போடிய மரமாக இருந்தால் அதை ஏற்றவே வேண்டாம்.