மெஷினைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறான் என் மகன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 45. ஒரே மகன், 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. நாலு வயதில் ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தோம். கல்யாணத்துக்கு எனக்குப் போட்ட நகையில் பாதி அதற்குத்தான் போனது. அப்புறம் ஏழு வருஷம், வாரத்தில் இரண்டு நாள், விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்கு ஸ்பீச் தெரபி. முதன்முதலாக அவன் "ஆத்தா" என்று சொன்ன நாள், மேலூர் வரை அழுதுகொண்டே வந்தேன்.

அங்கே சொல்லியிருந்தார்கள்: கையால் காட்ட விட்டால் பேச்சு வராது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டுவான். இரண்டு கையையும் என் மடியில் அமுக்கிக்கொண்டு, "வாயால சொல்லு" என்பேன். சொல்லும் வரை தண்ணீர் கொடுக்க மாட்டேன். அவன் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டான். ஊரே மெச்சியது.

போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு எங்கள் பங்காளிகள் எல்லோரும் பெரிய வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், கூடியிருந்தோம். ஐயா இழை (மாவில் திரி வைத்து ஏற்றிய நோன்புப் பிரசாதம்) எடுத்துக் கொடுக்க ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இவன் பின்னால் நின்றான். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. பெரியப்பச்சி (பெரியப்பா) ஒருவர், "அவனுக்குக் கேக்காது, அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார். இவன் யார் முகத்தையும் பார்க்காமல், தலையில் ஒட்டியிருந்த மெஷினை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வீடியோ காலில் ஒரு பையனோடு சைகையில் பேசிக்கொண்டிருந்தான். கல்லூரிக்குப் போன பிறகுதான் சைகை கற்றுக்கொண்டிருக்கிறான், எனக்குத் தெரியாது. கை பறக்கிறது, புருவம் ஏறி இறங்குகிறது, தோள் குலுங்கச் சிரிக்கிறான். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. 19 வருஷத்தில் ஒரு தடவை கூட.

மறுநாள் போனில் எழுதி அனுப்பினான்: "ஆத்தா, நான் காது கேளாதவன். கேட்கிறவன் மாதிரி நடிச்சு நடிச்சுக் களைச்சுட்டேன்." இப்போது வீட்டுக்கு வந்தால் மெஷின் போடுவதில்லை. அவன் அப்பச்சி, என் வீட்டுக்காரர், ஒன்றும் சொல்வதில்லை. நான் பட்ட பாடெல்லாம் வீண்தானா? அந்தக் கூட்டத்தோடு போய்விடுவானா? கையைப் பிடித்து வைத்தேனே, அது பாவமா?

— ஒரு தாய்

*

அன்புள்ள ஆச்சி,

நோன்பன்று நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பதில் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் பெரிய வீட்டு வளவை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை. கண்ணுக்கு அழகு. ஆனால் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. ஒருவர் பேசியது சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் பத்துப் பேர் பேசியிருப்பார்கள். அந்த இரைச்சலுக்குள் ஐயாவின் குரலை உங்கள் மகன் பிரித்தெடுத்திருக்க வேண்டும். நல்ல காது உள்ளவர்களின் உள்காதில் அந்த வேலையைச் செய்ய ஏறத்தாழ 15,000 நுண்ணிய செல்கள் இருக்கின்றன. இம்ப்ளான்டில் இருப்பவை 12 முதல் 22 வரையான மின்முனைகள். அமைதியான அறையில், எதிரில் ஒருவர் மட்டும் பேசினால் அவை அருமையாக உதவும். வளவில் நோன்புக் கூட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது வெறும் இரைச்சல். கண் கூசினால் மூடிக்கொள்வோம் இல்லையா, அப்படித்தான் கழற்றினான்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வானே என்பீர்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பணம்" என்று சொல்லுங்கள், அப்புறம் "மணம்". பிறகு "பாலை", "மாலை". உதடு ஒரே மாதிரிதான் அசையும். ல, ழ, ள மூன்றும் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். பாதியை ஊகித்து, முந்தின வார்த்தையோடு பொருத்தி, அதற்குள் பேச்சு எங்கோ போய்விட, சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரையும் பார்த்துத் தானும் சிரித்து... காலையிலிருந்து இரவு வரை இதுதான் அவன் வேலை. "களைச்சுட்டேன்" என்று அவன் எழுதியது உண்மையான உடல் களைப்பு. தெளிவாகப் பேசுகிற பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு: இவ்வளவு நன்றாகப் பேசுகிறவனுக்குக் கேட்கவும் செய்யும் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

இப்போது அந்தக் கைகள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. பள்ளிகளில் சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானம் நாடு நாடாகப் பரவி, கை மாறிக் கை மாறி, மதுரையில் உங்கள் மடி வரை வந்து சேர்ந்தது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, அதனால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. உங்கள் மகனுக்கு அப்போது நாலு வயது இருந்திருக்கும். மதுரை பஸ்ஸில் உங்களுக்கு இதை யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

பாவமா என்று கேட்டீர்கள். நம்பிச் செய்தீர்கள், அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அவனுக்கு அது வலித்தது. அதைப் பூசி மெழுக வேண்டாம். கையைப் பிடித்தது தப்புதான் என்று அவனிடமே சொல்லுங்கள். உங்களுக்கு என்ன சொன்னார்கள், எவ்வளவு பயந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நகையைப் பற்றி மட்டும் அப்போது பேசாதீர்கள். அந்தப் பேச்சு வந்தால் மன்னிப்பு கடன் கணக்காகிவிடும்.

உழைப்பு வீணா? அவன் தன் மனதை நாலு வார்த்தையில் இவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறான். அந்தத் தமிழ் நீங்கள் கொடுத்தது. மெஷினும் வீணில்லை. வகுப்பில், கடையில், உங்களோடு தனியாகப் பேசும்போது அவனுக்கு அது தேவைப்படலாம். எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதை இனி அவன் முடிவு செய்யட்டும்.

"அந்தக் கூட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தில் ஒன்பது காது கேளாத குழந்தைகள் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. மற்ற பிள்ளைகளுக்கு ஆத்தாவிடமிருந்து மொழி வருகிறது. இவர்களுக்கு அது பெரும்பாலும் பள்ளியிலோ, நண்பர்களிடமோ, சங்கத்திலோதான் கிடைக்கிறது. உங்கள் மகனுக்கு 17, 18 வயதில் கிடைத்திருக்கிறது. தட்டுத் தடுமாறாமல், ஒரு வார்த்தையும் தவறாமல் புரிகிற பேச்சு அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்தது. நீங்கள் திண்ணையில் பார்த்த முகம் அந்தச் சந்தோஷம். அதைப் பார்த்து உங்களுக்கு வந்தது பொறாமை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த முகத்தை உங்கள் பக்கமும் திருப்ப வழி இருக்கிறது.

சைகை கற்றுக்கொள்ளுங்கள். இந்திய சைகை மொழி தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி. நமக்கு ஒரு வசதி: "உன் பெயர் என்ன" என்று நாம் கேள்விச் சொல்லைக் கடைசியில் வைப்பது போலவே அதிலும் வரும். கூடவே புருவம் பேசும், முகம் பேசும். 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வீடியோக்களாக வெளியிட்டிருக்கிறது. இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் முதல் ஆசிரியர் உங்கள் மகனாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். நீங்கள் தப்பாகச் செய்யும்போது அவன் உங்கள் விரலைப் பிடித்துத் திருத்துவான். திருத்தட்டும்.

அவன் அப்பச்சி பேசாமல் இருப்பது கோபம் என்று நான் நினைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார். அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வருகிற நோன்புக்கு முன்பே ஐயாவிடம் பேசிவிடுங்கள். அவனை முன் வரிசையில், ஐயாவின் முகம் வெளிச்சத்தில் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட்டால் போதும், அல்லது விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடலாம். காது கேளாதவர்கள் தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெரியப்பச்சியிடம், அவனை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னது எவ்வளவு வலித்தது என்று நீங்களே சொல்லுங்கள். அதை அவன் சொல்ல வேண்டி வரக் கூடாது.

இன்னொன்று. சைகை பேசுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். முகத்தில் இருக்கும் மச்சமோ, ஒரு பழக்கமோ, அதையொட்டி வரும். நண்பர்கள் அவனுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள். அது என்னவென்று கேளுங்கள், கற்றுக்கொண்டு அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். அப்புறம் உங்களுக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். என்ன வைத்தான் என்று எனக்கும் எழுதுவீர்களா?