ஸ்லாஷரில் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதா? கோளாறு போல்ட்டில் இல்லை

கேள்வி: உடுமலைப் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு. உழவைக் குறைத்துவிட்டுப் புல்லை வெட்டி அப்படியே மூடாக்காக விடலாம் என்று 42 எச்.பி. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ஐந்தடி ஸ்லாஷர் வாங்கினேன். இரண்டு நாளில் ஷியர் போல்ட் மூன்று முறை உடைந்துவிட்டது. வலது பக்கம் மண்ணைச் சுரண்டுகிறது, இடது பக்கம் புல் அப்படியே நிற்கிறது. தூக்கும்போது ஷாஃப்ட்டில் கடகடவென்று சத்தம். கடைக்காரர் ஹை டென்சில் போல்ட் போட்டால் உடையாது என்கிறார். போடலாமா? மட்டை பொறுக்கிப் போட ஒரு பையனை மட்கார்டில் உட்கார வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

பதில்: அந்த போல்ட்டைப் போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பிளேடு கல்லிலோ மண்ணிலோ மாட்டும்போது முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றத்தான் ஷியர் போல்ட்டை வைத்திருக்கிறார்கள். ஃபியூஸ் போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைத்தால் அடுத்து வீட்டு ஒயர் எரியும், அதே கதைதான் இங்கேயும்: அடுத்து உடைவது கியர்பாக்ஸ் பல்லாகவோ டிராக்டரின் பி.டி.ஓ. தண்டாகவோ (என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்க டிராக்டருக்குப் பின்னால் நீட்டியிருப்பது) இருக்கும். இயந்திரத்தோடு கொடுத்த புத்தகத்தில் போல்ட்டின் அளவும், தலையில் இருக்க வேண்டிய எண்ணும் போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். தலையில் 10.9, 12.9 என்று இருந்தால் அது ஹை டென்சில்.

மட்கார்டில் இருக்கும் பையனையும் இறக்கிவிடுங்கள். அது டிராக்டரில் ஒரு ஆள் உட்கார வைத்த இடமே இல்லை. ஒரு குலுக்கலில் அவன் விழுந்தால் சக்கரத்தின் மேல், சக்கரம் தப்பினால் ஸ்லாஷருக்கு அடியில். மட்டை, பாளை, விழுந்த காய் எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே தோப்பை ஒரு சுற்று நடந்து பொறுக்கிவிட வேண்டும். ஐந்தடி ஸ்லாஷரில் பிளேடு நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது, அந்த வேகத்தில் ஒரு ஜல்லிக்கல் தெறித்தால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. முன்னாலும் பின்னாலும் தொங்குகிற சங்கிலித் திரை அதற்காகத்தான். சிலர் புல் சிக்குகிறது என்று அதைக் கழற்றித் தோப்போரமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிக் கழற்ற வேண்டாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பி.டி.ஓ.வையும் ஸ்லாஷரையும் இணைக்கிற ஷாஃப்ட்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புது உறை வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். 540 வேகம், அதாவது நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. ஷாஃப்ட்டின் சுற்றளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாலு முழ வேட்டி முழுவதும் சுருண்டுகொள்ள ஒரே நொடி போதும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, இது எதுவும் ஓடுகிற ஷாஃப்ட் பக்கம் வரக்கூடாது.

சரி, இனி உங்கள் ஸ்லாஷர். இதில் கை வைக்கும்போதெல்லாம் பி.டி.ஓ.வை நிறுத்தி, என்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டு, பிளேடு முழுதாக நின்றபிறகுதான் இறங்க வேண்டும். தூக்கி வைத்துவிட்டு அடியில் கை விடுவதாக இருந்தால் ஹைட்ராலிக்கை நம்பாமல் இரண்டு பக்கமும் தடித்த மரக்கட்டை கொடுங்கள். லீவரில் யாருடைய முழங்கையாவது பட்டால் போதும், மொத்தமும் இறங்கிவிடும்.

வண்டியைக் காய் காயப்போடும் சிமெண்ட் களத்தில் நிறுத்துங்கள். பின் சக்கரம் இரண்டிலும் காற்று சமமா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் இதைப் பார்க்காமலே டாப் லிங்க்கை (ஸ்லாஷரின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கிற நடுக் கம்பி) திருகிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஸ்லாஷரை வெட்டும் உயரத்துக்கு இறக்கி, கையுறை போட்டுக்கொண்டு பிளேடைக் கையால் திருப்பி, நுனி இடது பக்கம் வரும்போது தரையிலிருந்து எத்தனை அங்குலம், வலது பக்கம் வரும்போது எத்தனை என்று அளந்து பாருங்கள். உங்களுக்கு வலது பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஸ்லாஷரைத் தாங்குகிற இரண்டு கீழ்க் கைகளில் வலது கையை (லோயர் லிங்க்) தூக்குகிற கம்பியில் சுற்றுகிற கைப்பிடி ஒன்று இருக்கும், அதைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அதே பிளேடை முன்னும் பின்னுமாகத் திருப்பி அளந்தால், முன் நுனி பின் நுனியைவிட அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இதற்கு டாப் லிங்க். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டின புல்லையே பிளேடு திரும்பத் திரும்ப அடித்து, தூளாக்குவதற்கு என்ஜின் சக்தியைத் தின்றுகொண்டிருக்கும். உயரத்தைத் தோப்பில் மூன்று நான்கு அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். இது புல்தரை இல்லை, புல் மறுபடி முளைத்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். உயரத்தைப் பிடித்து வைப்பது ஸ்லாஷரின் சறுக்குக் கட்டையும் அதன் பின் சக்கரமும். ஹைட்ராலிக்கில் கருவியை ஒரே உயரத்தில் நிறுத்துகிற பொசிஷன் கண்ட்ரோல் லீவரை மட்டும் பயன்படுத்துங்கள், டிராஃப்ட் லீவர் கலப்பைக்கு. லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற செக் செயினை இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஸ்லாஷர் ஆடி டயரிலோ மரத்திலோ இடிக்காது.

அந்தக் கடகட சத்தத்துக்குப் பெரும்பாலும் ஷாஃப்ட்தான் காரணம். கடையில் கொடுத்த நீளத்திலேயே மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்லாஷரை மெதுவாகத் தூக்கி, டிராக்டரின் பி.டி.ஓ. தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் நேர்கோட்டில் வருகிற இடத்தில் நிறுத்தி, கட்டை கொடுத்து, என்ஜினை அணையுங்கள். ஷாஃப்ட் மிகவும் சுருங்குவது அங்கேதான். அங்கே ஒன்றிரண்டு அங்குலமாவது உள்ளே போக இடம் இருக்க வேண்டும். இடமில்லாமல் முட்டினால் கியர்பாக்ஸ் பேரிங்கை இடித்தே காலி பண்ணும். நீளமாக இருந்தால் லேத்தில் கொடுத்து உள்குழாய், வெளிக்குழாய், அவற்றின் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். அதற்காக அதிகம் வெட்டிவிடாதீர்கள், முழுதாக நீளும்போதும் ஒன்றுக்குள் ஒன்று ஒரு சாணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாட்டும்போது இரண்டு முனையிலும் இருக்கிற கவை ஒரே திசையில் நிற்கிறதா பாருங்கள், மாறி மாட்டினால் குலுக்கல் நிற்கவே நிற்காது. ஷாஃப்ட் எல்லாம் சரியாக இருந்தாலும் ஓடவிட்டபடியே உயரத் தூக்கினால் ஜாயின்ட் அதிகமாக மடங்கி சத்தம் போடும். திருப்பத்தில் கொஞ்சம் தூக்கினால் போதும், அதற்கு மேல் போகாமல் லீவருக்கு ஒரு ஸ்டாப்பர் வைத்துக்கொள்ளுங்கள். வரப்பு தாண்டுவதற்கு பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

இப்போது போல்ட். சாய்ந்து நின்று மண்ணைச் சுரண்டினதே ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரும்பாலும் டிரைவரின் கை. புல்லுக்கு நடுவே நிறுத்தி, ஆக்சிலேட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வைப் போடுவார்கள், போல்ட் டப்பென்று போகும். வெற்றுத்தரையில், ஐடிலில் போட்டு, பிளேடு விரிந்து சுற்ற ஆரம்பித்ததும் மெதுவாக ஏற்றி, மீட்டரில் 540 என்று குறி போட்ட இடத்துக்குக் கொண்டுபோய், பிறகு புல்லுக்குள் நுழையச் சொல்லுங்கள். அடர்ந்த புல்லில் ஆக்சிலேட்டரைக் குறைக்கவே கூடாது, கியரைக் குறைக்க வேண்டும். மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர், ஆள் நடக்கிற வேகம், அவ்வளவுதான். போல்ட் ஓட்டை தேய்ந்து லொடலொடவென்று இருந்தாலும் உடையும், அதையும் பாருங்கள்.

உங்கள் டிராக்டரில் எதிர்த்திசையில் சுற்றுகிற ரிவர்ஸ் பி.டி.ஓ. இருந்தால் லீவர் அந்தப் பக்கம் தவறிப் போகாமல் டிரைவருக்குக் காட்டிக்கொடுங்கள். சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச் உள்ள ஒற்றை கிளட்ச் வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் சுற்றுகிற பிளேடின் வேகமே வண்டியை முன்னால் தள்ளும், நிற்கும் என்று நினைத்த இடத்தில் மரத்தில் போய் இடிப்பீர்கள். ஷாஃப்ட் முனையில் பிளேடின் வேகம் திரும்பி டிராக்டருக்கு வராமல் தடுக்கிற ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று மாட்டினால் இது தீரும். டபுள் கிளட்ச் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

தோப்பில் எப்படிப் போவது என்றால், 25 அடிக்கு 25 அடி நடவில் இரண்டு பக்கமும் ஆறடி வட்டப்பாத்தியை விட்டால் நடுவில் 13 அடி. ஐந்தடி ஸ்லாஷர், ஒரு அடி மேலே விழுகிற மாதிரி ஓட்டினால் மூன்று நடை. பாத்திக்குள் ஸ்லாஷரை நுழைக்கவே வேண்டாம், அங்கே மண் அணைத்திருக்கிறது, சொட்டுநீர்க் குழாயும் கிடக்கிறது, அது கையரிவாள் வேலை. குறுக்கே போகிற குழாய்க்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். 16 எம்.எம். குழாய் பிளேடு மையத்தில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

குழாயைவிடத் தொல்லை தென்னை நார். பிளேடு போல்ட்டைச் சுற்றி நார் இறுகிவிட்டால் பிளேடு ஆடாமல் ஒரு பக்கமாகவே மடங்கி நிற்கும், வண்டி முழுக்க அதிரும். சாயங்காலம் நிறுத்தினதும் கட்டை கொடுத்து, இரண்டு பிளேடும் கையால் தள்ளினால் தாராளமாக ஆடுகிறதா என்று பாருங்கள். தீட்டும்போது சவரக்கத்தி மாதிரி தீட்டாமல் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் விட்டுவிடுங்கள், இரண்டையும் தராசில் வைத்து எடை சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று உடைந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றின பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி ஒரு இறுக்கு.