மெர்குரியின் வயிறு காலியாக இருக்கலாமா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில், மேஜையில் வைக்கிற அளவில், ஒற்றைக் காலில் பறக்கத் தயாராக நிற்கும் மெர்குரி என்ற ரோமானியத் தெய்வத்தின் சிலை பார்த்தேன். அடியில் ‘ழான் த போலோஞ்’, ‘பார்பெடியென்’ என்று இரண்டு பெயர்கள். 19ஆம் நூற்றாண்டு வெண்கலம் என்கிறார் கடைக்காரர். விலை 450 யூரோ. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு! சுவாமிமலையில் வாங்கிய எங்கள் வீட்டு நடராஜர் கெட்டியாக இருப்பார். இது ஏமாற்று வேலையா?

பதில்: கூடாக இருப்பதற்காகக் கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். நம் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடம் முழுக்க உலோகத்தை ஊற்றுகிறார்கள், அதனால் சிலை கெட்டியாக வருகிறது. ஐரோப்பிய வார்ப்பில் உள்ளிடத்தை நிரப்ப நடுவே ஒரு கரு வைத்து, அதைச் சுற்றி மெல்லிய சுவராகத்தான் ஊற்றுவார்கள். நல்ல வெண்கலமும் அங்கே கூடுதான்.

சந்தேகப்பட வேண்டியது உலோகத்தை. பிரான்ஸில் ‘ரெகுல்’ என்று ஒன்று உண்டு. துத்தநாகம் போன்ற மலிவான உலோகக் கலவையில் வார்த்து, மேலே வெண்கல நிறம் ஏற்றியது. விலைச்சீட்டில் ‘பத்தீன் ப்ரோன்ஸ்’ என்று எழுதியிருந்தால் நிறம் மட்டும்தான் வெண்கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, துத்தநாகமும் கனமானதுதான். அடிப்பக்கம், திருகு மரை, நிறம் தேய்ந்த விளிம்பு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளோ செம்மஞ்சளோ தெரிந்தால் நல்லது. வெள்ளை கலந்த சாம்பல் தெரிந்தால் ரெகுல். அப்புறம் அந்தக் கணுக்கால். மொத்தச் சிலையும் ஒரு பாதத்தின் நுனியில் நிற்கிறது, ரெகுலோ சட்டென்று முறியக்கூடியது. ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர்களுக்கு வருவோம். ‘ழான் த போலோஞ்’ என்பது ஜாம்போலோன்யா என்ற சிற்பியின் பிரெஞ்சுப் பெயர். ஃப்ளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம், வட பிரான்ஸ் பகுதி) பிறந்து இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் வேலை செய்தவர், 1608-ல் இறந்துவிட்டார். அவருடைய பெரிய மெர்குரி ஃப்ளாரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் சிலையில் உள்ளது அவர் கையெழுத்து அல்ல, இது யாருடைய படைப்பின் நகல் என்ற தகவல். பார்பெடியென் 1838-ல் பாரிஸில் தொடங்கிய வார்ப்பகம். பெரிய சிலைகளை அளவு பிசகாமல் சிறிதாக்க அஷில் கோலா உருவாக்கிய எந்திரம்தான் அதன் மூலதனம். கோலா பெயருள்ள சிறிய வட்ட முத்திரையும் இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் முத்திரையோடு சேர்த்தே நகலெடுத்து மறுபடி வார்ப்பவர்களும் உண்டு. அப்படி வந்ததில் விரல், தொப்பிச் சிறகு, எழுத்து எல்லாம் மழுங்கியிருக்கும்.

இதையெல்லாம்விட வலுவான ஆயுதம் ரசீது. 1981 மார்ச் 3 தேதியிட்ட பிரெஞ்சு ஆணைப்படி, கலைப்பொருளை விற்பவர் அதன் தன்மை, கலவை, பூர்வீகம், வயது பற்றி வாயால் சொன்னதை, நீங்கள் கேட்டால் எழுத்திலும் தர வேண்டும். “வெண்கலம், 19ஆம் நூற்றாண்டு, பார்பெடியென் வார்ப்பு” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதுகிறார் என்றால், உலோகமும் சரியாக இருந்தால், பேரம் பேசி வாங்குங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள். ‘தப்ரே’, அதாவது இன்னாரைப் பின்பற்றி, என்று மட்டும் எழுதினால் சிற்பிக்கோ காலத்துக்கோ அது உத்தரவாதம் ஆகாது. ஒன்று நினைவிருக்கட்டும்: இணையத்தில் வியாபாரியிடம் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் திருப்பிக்கொடுக்கும் உரிமை சந்தைக் கடையில் கிடையாது.

கேள்வி: என் மேஜையிலுள்ள பழைய வெண்கல மைக்கூட்டில் ரோமானியக் கடல் தெய்வமான நெப்டியூனின் உருவம் இருக்கிறது. கறுத்துக் கிடக்கிறது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் அழுக்கு அல்ல, வார்ப்பகமே ஏற்றிய நிறம். புளி அதைத் தின்றுவிடும், விலையும் விழும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். வெளிர் பச்சைத் தூள் உதிர்கிறதென்றால் அது வேறு கதை. ஈரத்தில் உப்பு செய்யும் அரிப்பு அது. உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.