அந்தத் தையல் மெசின் யாருடையது?

கேள்வி: எனக்கு 24 வயது, யாழ்ப்பாணம். சிங்கள, முஸ்லிம் இளையோருடன் சேர்ந்து மனித உரிமை, நல்லிணக்க வேலைகள் செய்கிறேன். போன மாதம் புத்தளத்தில் 3 நாள் முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதில்லை. "உன்ர சித்தப்பா எங்கயெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, உனக்கு நல்லிணக்கம் கேக்குதோ" என்றார். 1990இல் சோனகத் தெருவில் இருந்த முஸ்லிம் குடும்பத்தார் விட்டுப்போன தையல் மெசினில் இரவுபகலாகத் தைத்து என்னைப் படிப்பித்த அம்மாவும் அவர் பக்கம். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: பிள்ளை, புரியவைப்பதைப் பிறகு பார்க்கலாம். "விட்டுப்போன" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கதைப்போம்.

ஒருவரும் விட்டுப்போகவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். நகையையும் காசையும் வழியில் பறித்தார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் அப்படித் துரத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். அங்கே ஓலைக் கொட்டில்களில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். நடந்தது தவறு என்று 2002இல் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்டன் பாலசிங்கமே கிளிநொச்சியில் ஒப்புக்கொண்டார். மனித உரிமை வேலை செய்கிற நீங்கள் இன்னும் "விட்டுப்போன" என்று எழுதுகிறீர்கள்.

அதே புத்தளத்தில் 3 நாள் இருந்திருக்கிறீர்கள்! அந்த மெசின்காரரின் பேத்தி உங்களுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்திருக்கலாம். ஒருவரிடமாவது விசாரித்தீர்களா? அதை விடுங்கள், அம்மாவிடம் கேட்டீர்களா? "பத்திரமாக வைத்திருங்கோ" என்று தந்துவிட்டுப் போனார்களா, திறந்து கிடந்த வீட்டிலிருந்து தூக்கி வந்ததா? அம்மாவுக்கு இது 30 வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடக்கிற சங்கதி. நீங்கள் நல்லிணக்கம் என்று வாய் திறக்கும்போது அவர் ஏன் அப்பா பக்கம் போய் நிற்கிறார் என்று யோசியுங்கள்.

அதற்காக அம்மாவைக் கூட்டத்தில் வைத்துக் கதையாக்கிவிடாதீர்கள். அந்த மெசின் போட்ட சோற்றில் வளர்ந்தவர் நீங்கள். தாய் பட்ட கடன் பிள்ளைக்கும் உண்டு என்று நம்புகிறவள் நான்.

அப்பாவின் கோபத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20 தொடங்கிக் கிளிநொச்சியில் தெருவோரம் போராட்டம் இருந்த பெற்றோரில் எத்தனையோ பேர் பிள்ளையைக் காணாமலே செத்துப்போனார்கள். சித்தப்பாவின் படத்தோடு அப்பாவுக்குப் பக்கத்தில் ஒருநாளாவது போய் இருந்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். முகாம் காத்திருக்கும்.

அப்புறம் ஒருநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அந்தக் குடும்பத்தின் பெயரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் பள்ளிவாசல்களில் விசாரித்தால் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். கண்டுபிடித்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெசின் வேண்டாம், நீங்களே வைத்திருங்கோ என்று அவர்கள் சொல்லலாம். சொன்னால் வைத்திருங்கள், அதுவரைக்கும் அது அவர்களுடையது.

அப்பாவையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தவேண்டாம். பஸ் காசை மட்டும் அவர் கையால் வாங்கிக்கொண்டு போங்கள்.